வாசமாத்தான் இருக்குதுங்க

காப்பிக்கொட்டை வாங்கி விற்கிறவன் சென்ட் போடக் கூடாது. எங்கள் மலையில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை, எல்லோருக்கும் தெரியும். காப்பிக்கொட்டை பக்கத்தில் இருக்கிற வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் டின் ஓரமாக மூட்டையைப் போட்டுவிட்டால் அந்தக் காப்பியை அப்புறம் யாரும் குடிக்க முடியாது. அதோடு மோந்து பார்த்துத்தான் விலை பேச வேண்டும். புளித்த வாடை இருக்கிறதா, பூஞ்சை வாடை இருக்கிறதா, அடுப்புக்கு மேலே காயவைத்துப் புகை ஏறியிருக்கிறதா என்று மூக்குதான் சொல்லும். அதனால் நான் வாசனைச் சோப்புகூடப் போட்டதில்லை. கல்யாணத்தன்று பன்னீர் தெளித்ததற்கே முகத்தைச் சுளித்தேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

அப்படிப்பட்ட நான், மீசை நரைத்த பிறகு, ஏற்காடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் பாய் கடையில் ஆம்பளை சென்ட் வாங்கப் படியேறினேன்.

என் குணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் சுலபத்தில் நம்பமாட்டேன். தொழில் அப்படி. மூட்டையின் வாயில் நல்ல கொட்டை இருக்கும், அடியில் ஈரம் இருக்கும். மிளகில் பப்பாளி விதை கலந்திருக்கும். கோணியைப் பிரிக்காமலே உள்ளே குத்தி மாதிரி எடுக்க என்னிடம் ஒரு குத்தூசி உண்டு. அதைக் கையில் எடுத்தாலே விற்க வந்தவர் முகம் பாதி உண்மையைச் சொல்லிவிடும். இந்தக் குத்தூசி வேலையை நான் வீட்டுக்குள்ளும் செய்கிறேன் என்பது என் மனைவியின் புகார். குழம்பில் ஒரு வாய் வைத்ததும், “கடுகு தீஞ்சிருச்சா?” என்பேன். பாலை மோந்து பார்க்காமல் குடிக்கமாட்டேன். உறவுக்காரர் யாராவது அன்பாகப் பேசினால், எதற்கு அடி போடுகிறார் என்று யோசிப்பேன். பெரும்பாலும் எதற்கோ அடி போட்டிருப்பார்.

கொரோனா எங்கள் வீட்டுக்கும் வந்தது. நானும் மனைவியும் ஒன்றாகக் காய்ச்சலில் படுத்தோம். எனக்கு முன்னால் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் எழுந்தபோது என் மூக்கு போயிருந்தது. எல்லோருக்கும் கொஞ்ச நாளில் திரும்பி வரும் என்றார்கள். எனக்கு வரவில்லை. மழை பெய்தால் மண் வாசனை இல்லை. மார்ச் மழைக்குப் பிறகு மலை முழுக்கக் காப்பிப் பூ வெள்ளையாகப் பூத்து நின்றது, அதன் நடுவில் நின்று மூச்சை இழுத்தால் வெறும் காற்று. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது.

அழுதேனே தவிர வெளியே சொல்லவில்லை. சொன்னால் என் தொழில் அன்றோடு முடிந்தது. மஞ்சக்குட்டையிலும் மாரமங்கலத்திலும் எனக்குக் காப்பிக்கொட்டை விற்கும் விவசாயிகள் நல்லவர்கள்தான். ஆனாலும் மூக்கில்லாத வியாபாரி ஒருவன் கிடைத்தால் புளித்த கொட்டையைத் தள்ளிவிட யாருக்குத்தான் ஆசை வராது? அதனால் வழக்கம்போலக் கை நிறைய அள்ளி, முகத்தருகே கொண்டுபோய், கண்ணை மூடி, நன்றாக இழுப்பேன். உள்ளே ஒன்றும் போகாது. ஒரு கண்ணை லேசாகத் திறந்து, விற்கிறவரின் முகத்தைப் பார்ப்பேன். அவர் நிம்மதியாக நின்றால் கொட்டை நல்லது. எச்சில் விழுங்கினால் கோளாறு. பல்லால் கடித்து, கொட்டை சரியாகக் காய்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுவேன். இப்படியே வண்டி ஓடியது.

வீட்டிலும் சொல்லவில்லை. அவள் ரகசியத்தைக் காப்பாற்றுவாள்தான். ஆனால் அவளுடைய தம்பி காப்பாற்றமாட்டான். அவளிடம் சொன்னால் அவனிடம் போகும்.

தொழிலைச் சமாளித்தேன். என் உடம்பைச் சமாளிக்க முடியவில்லை. மூக்கு போன பிறகுதான் தெரிந்தது, நம்மீது என்ன வாடை அடிக்கிறது என்று நமக்கு நாமே எத்தனை முறை சோதித்துக்கொள்கிறோம் என்று. ஒரு நாள் மஞ்சக்குட்டையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துபோய் முன்னால் நின்றுகொண்டார். வளைவில் யாராவது வாந்தி எடுத்திருக்கலாம். டீசல் புகை வந்திருக்கலாம். எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. கோணி நெடியும் வேர்வையும், பனியில் சரியாகக் காயாத ஸ்வெட்டரும் சேர்ந்து நான் நாறுகிறேன். அன்றிலிருந்து யார் தள்ளி உட்கார்ந்தாலும் என்னால்தான் என்று நினைத்தேன். யாரிடம் கேட்க முடியும்? “என்மேல நாத்தம் அடிக்குதா?” என்று கேட்டால், “ஏன், உங்களுக்குத் தெரியலீங்களா?” என்பார்கள்.

பாய் கடையில் பொம்மை, தொப்பி, யூகலிப்டஸ் தைலம் என்று டூரிஸ்டுகளுக்கான சாமான்தான் நிறைய. சென்ட் வகைகள் கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் இருக்கும். நான் கேட்டதும் பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏனுங்கண்ணா, காப்பி வாங்கற நீங்க சென்ட் போடலாமுங்களா?”

“சொந்தக்காரப் பையனுக்குங்க பாய்.”

“அப்புடீங்களா” என்றார். அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் வியாபாரி வியாபாரிதான். ஒவ்வொரு பாட்டிலையும் காகிதத் துண்டில் அடித்து நீட்டினார். நான் மூக்கருகே வைத்து, காப்பிக்குச் செய்வதைப்போலவே கண்ணை மூடி இழுத்து, ஒரு கண்ணைத் திறந்து பாயின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அவர் என் விவசாயிகளைவிடக் கெட்டிக்காரர். முதல் பாட்டிலுக்கு, “இது எலுமிச்சை மாதிரி, பகலுக்கு நல்லாருக்கும்” என்றார். அடுத்ததற்கு, “இது மரக்கட்டை வாசம், ஒரு கெத்தா இருக்கும்” என்றார். எது ஓடாமல் கிடக்கிற சரக்கோ அதைத்தான் என் தலையில் கட்டுவார் என்று நினைத்தேன். மூன்றாவது பாட்டிலை அடித்தபோது, தொப்பி பார்த்துக்கொண்டிருந்த வெளியூர்ப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். முகம் கோணவில்லை. அதையே எடுத்தேன்.

கட்டிக் கொடுக்கும்போது பாய் வழிமுறைகள் சொன்னார். “வெயில் படற ஜன்னலோரமா வெக்காதீங்க. பாத்ரூம்லயும் வேண்டாம், ஈரம் ஆகாது. டப்பாவோட பீரோவுக்குள்ள வெச்சா வருசக்கணக்கா இருக்கும். குளிச்சு ஒடம்பு ஈரம் போனதும் கழுத்துலயும் மணிக்கட்டுலயும் ஒவ்வொரு தடவை அடிச்சாப் போதும். தேய்க்கக் கூடாது. சட்டையில அடிச்சாக் கறை புடிக்கும். நாங்க அத்தர்தான் போடறதுங்க, இதுல ஸ்பிரிட் இருக்குது. போட்டதும் சில்லுன்னு இருக்கும், ஸ்பிரிட்டு பறந்துரும், வாசம் நிக்கும்.”

தேய்க்கக் கூடாது என்றதில் எனக்குச் சந்தேகம். தேய்த்தால் குறைந்த சென்ட்டே போதுமாயிருக்கும், பாட்டில் சீக்கிரம் தீராது, அதனால்தான் சொல்கிறார் என்று முடிவு கட்டி, வீட்டுக்கு வந்து நன்றாகத் தேய்த்தேன்.

மறுநாள் காலையில் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று நான் அடித்துக்கொண்டதை என் மனைவி பார்த்துவிட்டாள். மடித்துக்கொண்டிருந்த துணி அவள் கையில் அப்படியே நின்றது.

“என்னுங்க இது?”

“சென்ட்டு.”

“நீங்களா?”

“ஏன், போடக் கூடாதா? எப்படி இருக்குது?”

அவள் துணியைக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து, மூச்சை இழுத்து, “வாசமாத்தான் இருக்குதுங்க” என்றாள். சொல்லிவிட்டு எச்சில் விழுங்கினாள். மூட்டையில் கோளாறு வைத்திருக்கிற விவசாயியின் முகம் எனக்குத் தெரியாதா? அதே முகம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஏதோ ஒன்று மாறியது. ஒரு நாள் பால் பாத்திரத்தை என்னிடம் நீட்டி, “இது நல்லாருக்குதான்னு பாருங்க” என்றாள். என் வழக்கம்தான் அது, நான் எப்போதும் செய்வதுதான். ஆனால் அவளாக நீட்டியது புதிது. கண்டுபிடித்துவிட்டாள், சோதிக்கிறாள் என்று எனக்குப் பட்டது. மோந்து பார்த்து, “ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்குது” என்றேன். அவள் அடுப்பில் வைத்தாள். பால் திரிந்தது. இரண்டு பேரும் அந்தப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். “மழைக்காலம்ல” என்றாள். “ஆமா, மழைக்காலம்” என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. அது என் சந்தேகத்தை இன்னும் கிளப்பியது. திட்ட வேண்டிய இடத்தில் திட்டாத மனைவி மனசில் எதையோ வைத்திருக்கிறாள்.

தினமும் காலையில் நான் சென்ட் அடிப்பேன். தினமும் அவள் ஒரு தடவை மோந்துவிட்டு, “வாசமாத்தான் இருக்குதுங்க” என்பாள். போதுமா, அதிகமா என்று சொல்லமாட்டாள். எனக்கும் தெரியாது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். கழுத்துக்கு, மணிக்கட்டுக்கு, காதுக்குப் பின்னால், கடைசியில் ஸ்வெட்டருக்கும். கம்பளி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மாரமங்கலத்தில் ஒரு விவசாயி, “ஏனுங்க, இன்னிக்கு ஏதும் விசேசத்துக்குப் போறீங்களா?” என்று சிரித்தார். எனக்கு அதுவும் பாராட்டாகத்தான் பட்டது.

பிறகு அடிவாரத்திலிருந்து போன் வந்தது. நான் வாங்கும் காப்பியை எல்லாம் அங்கே இருக்கும் பெரிய வியாபாரி ஒருவருக்குத்தான் போடுவேன். முதலில் சின்னப் பொட்டலத்தில் மாதிரி அனுப்புவேன், அவர் சரியென்றால் மூட்டை இறங்கும்.

“என்னய்யா அனுப்பியிருக்க? கொட்டையப் பிரிச்சா கல்யாண மண்டபத்துக்குள்ள போன மாதிரி இருக்குது. இதைக் குடிக்கறதா, அக்குள்ல அடிச்சுக்கறதா? உனக்கு மூக்கு இருக்குதா இல்லியா?”

அவர் சும்மாதான் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இன்னொரு தடவை இப்படி வந்தால் சரக்கே வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்தார். அவர் வேண்டாம் என்றால் எனக்கு வேறு ஆள் இல்லை.

கோபம் முழுக்க மனைவி பக்கம் திரும்பியது. கொட்டையையே மண்டபமாக்கும் அளவுக்கு நான் மணந்திருக்கிறேன். தினமும் பக்கத்தில் வந்து மோந்தவள் அவள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! தெரிந்தேதான் விட்டிருக்கிறாள். என் மூக்கு போனது அவளுக்குத் தெரியும், நான் ஊர் முன்னால் கோமாளியாகத் திரிவதை வேடிக்கை பார்க்கிறாள். இத்தனை வருஷம் அவள் சொன்ன எதையெல்லாம் நான் நம்பினேன் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் குத்திப் பார்க்க ஆரம்பித்தேன்.

மூட்டையைக் குத்தினால்தான் உள்ளே இருப்பது தெரியும். மூடியைக் கழற்றி, சென்ட்டை முழுக்க ஒரு காலி இருமல் மருந்து பாட்டிலுக்கு மாற்றினேன். சென்ட் பாட்டிலைக் கழுவித் தண்ணீர் நிரப்பினேன். மறுநாள் குளித்துவிட்டு, ஸ்வெட்டரை விட்டுவிட்டு, துவைத்த சட்டையோடு கண்ணாடி முன்னால் நின்றேன். அவளைப் பார்த்துக்கொண்டே தண்ணீரைக் கழுத்தில் அடித்தேன், மணிக்கட்டில் அடித்தேன்.

“எப்படி இருக்குது?”

பக்கத்தில் வந்தாள். மூச்சை இழுத்தாள்.

“இன்னிக்கு நொம்ப வாசமா இருக்குதுங்க.”

நான் பாட்டிலைப் பீரோவில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். அன்றைக்குப் பூராவும் வியாபாரத்தில் மனசு நிற்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது பனி இறங்கி, எதிரே வருகிற ஜீப்பின் விளக்குகூட மங்கலாகத்தான் தெரிந்தது. இந்தப் பருவத்தில் எங்கள் ஊரில் கதவு ஜன்னலை எல்லாம் இறுக்கிச் சாத்திவிடுவார்கள். எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினேன். அவள் கொல்லைப்புறம் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பீரோவைத் திறந்து, தண்ணீர் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கேட்க வேண்டியதை எல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டேன். தலை கொஞ்சம் கனத்தது. கோபத்தால் என்று நினைத்தேன்.

அவள் துணியோடு வந்து, அடுப்படியை எட்டிப் பார்த்து, “அட, பாலு பொங்கி ஊத்திக் கெடக்குது” என்றாள்.

“இங்க வா.”

“இருங்க, அடுப்பப் பத்த வெச்சுட்டு வாரேன்.”

“மொதல்ல இங்க வந்து பதில் சொல்லிட்டுப் போ.”

என் குரலைக் கேட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கையில் கேஸ் லைட்டர் இருந்தது. நான் பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன்.

“இதுல என்ன இருக்குது?”

“சென்ட்டுங்க.”

“காலையில மோந்து பாத்தியே. வாசமா இருந்துச்சா?”

அவள் வாய் திறப்பதற்குள் வாசல் கதவு திறந்தது. பக்கத்து வீட்டுப் பெண், எஸ்டேட் வேலை முடிந்து வந்தவள், எங்களுக்குக் கொடுக்கச் சௌசௌ கொண்டுவந்திருந்தாள். ஒரு அடி உள்ளே வைத்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயோ அக்கா! கேஸு! ஊடு பூரா கேஸு! லைட்டரக் கீழ வெய்யுங்க! அண்ணா, சுச்சத் தொட்டுராதீங்க!”

சௌசௌ நாலாபக்கமும் உருண்டது. அவள்தான் ஓடிப்போய் அடுப்பை மூடி, சிலிண்டரையும் மூடி, ஒவ்வொரு ஜன்னலாகத் தள்ளித் திறந்தாள். பால் பொங்கித் தீயை அணைத்திருக்கிறது, கேஸ் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. எங்களை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டு அவள் திட்டினாள்.

“வாசப்படியிலயே கொமட்டுது! ரெண்டு பேரும் உள்ளதான இருந்தீங்க? ஒருத்தருக்குமா தெரியல?”

நான் மனைவியைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் பயம் இருந்தது. பிறகு அது வேறு மாதிரி ஆனது. என் முகமும் அப்படித்தான் ஆகியிருக்கும். என் கையில் இன்னும் அந்தத் தண்ணீர் பாட்டில் இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் போன பிறகு, திறந்த வீட்டுக்குள் பனி புகுந்துகொண்டிருக்க, இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம்.

“உங்களுக்குமாங்க?” என்றாள்.

“காய்ச்சல்ல போனது.”

“எனக்கும் அப்பத்தான்.”

நான் பாட்டிலைப் படியில் வைத்தேன். “நீ இருக்கிறியே, கேஸு கீஸு வந்தா நீ பாத்துக்குவேன்னு நான் இருந்தேன்.”

“நான் உங்க மூக்க நம்பித்தாங்க படுத்தேன் இத்தன நாளும். அவரு மூக்குக்குத் தெரியாம இந்த ஊட்டுல ஒண்ணும் நடக்காதுன்னு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

அவள் என்னைப் பார்க்காமல் பேசினாள். “மூக்கு இருக்கறப்பவே, தீஞ்சு போச்சா, ஊசிப் போச்சான்னு ஒவ்வொரு வாய்க்கும் கேப்பீங்க. எனக்கு மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா எங்கையில சாப்புடுவீங்களா? அப்பறம் திடீர்னு ஒரு நாளு சென்ட் அடிச்சுட்டு வந்து எப்படி இருக்குதுன்னு கேக்கறீங்க. காப்பி வாங்கறவரு எதுக்கு சென்ட் போடறாரு? எம் மூக்கக் குத்திப் பாக்கத்தான் போடறாருன்னு நெனச்சேன். பயந்துட்டேனுங்க. அதான் தெனமும் வாசமா இருக்குதுன்னே சொன்னேன்.”

நான் சென்ட் போட்ட காரணம் அவளுக்குத் தெரியாது. ஆனால் அவள் நினைத்ததும் முழுப் பொய்யில்லை. கடைசியில் நான் குத்திப் பார்த்தேன் அல்லவா? கேட்க வேண்டும் என்று அடுக்கி வைத்திருந்த கேள்விகளில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. மிகவும் வெட்கமாக இருந்தது. அதைவிட, அவள் கையில் அந்த லைட்டர் இருந்த விதம் கண்ணைவிட்டுப் போகவில்லை.

இப்போது நான் காப்பி வாங்குவதில்லை, மிளகு மட்டும்தான். மிளகுக்குத் தண்ணீரும் பல்லும் போதும், சொத்தை மிதந்துவிடும். பால் வாங்கியதும் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு தடவை மோந்துவிட்டுத் தருகிறாள். அடுப்படி ஜன்னல் எந்தப் பனியிலும் திறந்தே இருக்கிறது.

சென்ட்டை மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நாள் வைத்திருந்தோம். ஒரு நாள் காலையில் பீரோவைத் துடைத்தபோது அவள் இரண்டு பாட்டிலையும் எடுத்து வைத்தாள். சென்ட் பாட்டிலும் இருமல் மருந்து பாட்டிலும். எதில் தண்ணீர், எதில் சென்ட் என்று மாற்றிய எனக்கே குழப்பம், நடுவில் ஒருமுறை திருப்பி ஊற்றினேனோ என்னவோ. பாய் சொன்னது ஞாபகம் வந்தது. அவளுடைய ஒரு மணிக்கட்டில் இதிலிருந்து ஒரு சொட்டு, மறு மணிக்கட்டில் அதிலிருந்து ஒரு சொட்டு விட்டேன். அவள் இரண்டையும் ஊதினாள். ஒன்று ஈரமாகவே நின்றது. மற்றது சில்லென்று ஏறிப் பறந்துவிட்டது.

“இதுதான் சென்ட்டுங்க” என்றாள்.

பிறகு அந்தக் கையை என் முகத்துக்கு நேராக நீட்டி, “எப்படி இருக்குதுங்க?” என்றாள்.

நான் மூச்சை நன்றாக இழுத்தேன்.

“தெரியல புள்ள” என்றேன்.

“எனக்குந் தெரியலீங்க” என்று சொல்லி, அவள் சிரித்தாள்.